குழாய் இறங்காத இடம்

ஜனவரி 6, செவ்வாய்

இன்று அறிவியல் வகுப்பில் ரெஜினா டீச்சர் சீட்டுக் குலுக்கிப் போட்டார். பிப்ரவரி 17 அன்று நடக்கும் மாவட்ட அறிவியல் போட்டிக்கு இருவர் இருவராகச் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும். எனக்கு யார் வந்தாலும் பரவாயில்லை, பச்சையம்மாள் மட்டும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். சீட்டைப் பிரித்தால் பச்சையம்மாள்.

எல்லோரும் பச்சை என்று கூப்பிடும் அவள் கடைசி பெஞ்சு. முதல் பாடவேளையில் தூங்குவாள். இரண்டாவதில் மற்றவர்களைக் கேட்கவிடமாட்டாள். என்னை ‘லைப்ரரி’ என்று கூப்பிடுகிறாள். என் பெயர் சிவரஞ்சனி என்று பலமுறை சொல்லிவிட்டேன்.

நான் விண்மீன்களின் நிறங்களைப் பற்றி ஆய்வு செய்யலாம் என்றேன். டீச்சர், “அந்த விண்மீன் எல்லா ஊருலயும்தான் தெரியுது. பனங்கழிக்குப்பத்துல மட்டும் இருக்குறது எதாச்சும் சொல்லுங்க” என்றார். பச்சை கையைத் தூக்கினாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

“ஆளி இருக்குது டீச்சர்.”

எங்கள் ஊர் உப்பங்கழி கடலில் சேரும் இடத்துக்கு உள்ளே ஆளித்திட்டு இருக்கிறது. ஆளி என்பது ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிப் பாறைபோல வளரும் சிப்பி. ஓரம் கத்தி மாதிரி இருக்கும். பச்சையின் அம்மா தையல்நாயகி அத்தையும் இன்னும் சில பெண்களும் தண்ணீர் வற்றும்போது போய் அதைக் கம்பியால் உடைத்து எடுத்துப் பிழைக்கிறார்கள். இப்போது முகத்துவாரம் மண் அடைத்துக்கிடக்கிறது. அதைத் தூர்வாரப் போகிறார்கள். அள்ளும் மண்ணைக் கொட்டக் குறித்திருக்கும் இடம் இந்தத் திட்டு. ஆய்வு செய்ய வந்த கம்பெனி, அங்கே உயிருள்ள ஆளி கிடையாது, வெறும் சேறுதான் என்று அறிக்கை கொடுத்துவிட்டது. பிப்ரவரி 6 அன்று ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம்.

“வெறும் சேறாம் டீச்சர். அப்ப எங்கம்மா தெனம் போயி இன்னாத்த ஒடைக்குது? கருங்கல்லயா?”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. “அப்ப அளந்து காட்டுங்க ரெண்டு பேரும்” என்றார்.

தூர்வார வேண்டும் என்று அலைந்து திரிந்து அனுமதி வாங்கியது படகுச் சங்கம். அதன் செயலாளர் என் அப்பா. இதை நான் வகுப்பில் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜனவரி 7, புதன்

நூலகத்தில் ஆளி பற்றி ஒரு புத்தகமும் இல்லை. சிப்பி என்று கேட்டதற்கு நூலகர் ஒரு நகைக்கடை நாட்காட்டியை எடுத்துக் காட்டினார்.

ஜனவரி 10, சனி

டீச்சர் தன் கல்லூரிப் புத்தகத்திலிருந்து முறையைச் சொல்லிக்கொடுத்தார். அரை மீட்டர் அளவில் ஒரு சதுரச் சட்டம் செய்ய வேண்டும். திட்டின் குறுக்கே கயிறு கட்டி, சம இடைவெளியில் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் உயிருள்ள ஆளிகளை எண்ண வேண்டும். அதே இடத்தில் ஒரு குழாயைக் குத்தி அடியிலுள்ள மண்ணையும் எடுக்க வேண்டும். ஓர் இடத்தில் எத்தனை ஆளி, எப்படிப்பட்ட மண் என்று இரண்டும் சேர்ந்தால்தான் முழு ஆய்வு.

பிளாஸ்டிக் குழாயை நான் அளந்தேன், பச்சை அறுத்தாள். நான் அளப்பதற்குள் அவள் அறுத்துவிடுவதால் முதல் சட்டம் சதுரமாக வரவில்லை.

“எதுக்கும்மா பைப்பு?” என்று அப்பா கேட்டார். “ஸ்கூல் வேலைப்பா” என்றேன். அது உண்மைதான்.

ஜனவரி 11, ஞாயிறு

முதல் நாள் அளவு. தண்ணீர் முழுதாக வற்றவில்லை. முழங்கால் ஆழம், கலங்கல். கையை விட்டுத் தடவித்தான் எண்ண முடிந்தது.

எனக்குக் காலில் இரண்டு இடத்தில் கிழித்துவிட்டது. “எங்க ஊருல பொறந்துட்டு ஆளி மேல கால வைக்கிறாளே, இவள இன்னா சொல்ல!” என்று பச்சை தலையில் அடித்துக்கொண்டாள். திட்டில் இறங்கி வளர்ந்த பிள்ளைகளுக்குக் கால் தானாகவே ஒதுங்கிப் போகுமாம். எனக்கும் கொஞ்ச நேரத்தில் அது பழகிவிட்டது.

சில இடங்களில் குழாய் இறங்கவில்லை. இருவரும் சேர்ந்து அதன்மேல் தொங்கியும் இறங்கவில்லை. அங்கெல்லாம் இரண்டடி மூன்றடி நகர்ந்து, இறங்கும் இடத்தில் மண் எடுத்துக்கொண்டோம். சட்டத்தையும் அங்கேயே வைத்தோம். அட்டவணையில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. பார்க்க மிகவும் நன்றாக இருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

கூட்டிப் பார்த்தேன். திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். ஒரு சட்டத்துக்கு மூன்று, நான்கு ஆளிதான் வருகிறது. பல சட்டங்களில் ஒன்றுமில்லை. எல்லாம் கரிய சேறு.

கம்பெனி அறிக்கை சரி என்றுதான் அர்த்தம்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பச்சையிடம் சொன்னேன். அவள் சோற்றை அப்படியே மூடிவைத்தாள். “அப்ப எங்கம்மா பொய் சொல்லுது, இல்ல?”

“நான் அப்படிச் சொல்லல. எண்ணிக்கை அப்படி வருது.”

“ஒங்கப்பன் சங்கத்துக்கு ஏத்த மாதிரியே வருது பாத்தியா, எண்ணிக்கை.”

அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது. அழுதேன் என்று யாராவது நினைக்கலாம். அப்படி எல்லாம் இல்லை, மிளகாய் காரம்.

ஜனவரி 13, செவ்வாய்

பச்சை இன்று முதல் பாடவேளையில் தூங்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எப்போதும் ஆசைப்படுவேன். ஆனால் பாடம் மண்டையில் ஏறவில்லை.

ஜனவரி 14, புதன், போகி

மாலையில் தையல்நாயகி அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் தூக்குவாளி. அம்மா உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“ஏம்மா ரஞ்சினி, கணக்குல ஆளியே இல்லன்னு வருதாமே?”

“ஆமாம் அத்தை” என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

“சரி. மொதல்ல இத சாப்புடு. அப்புறமா கணக்கு போடு.” தூக்குவாளியை வைத்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

வாளி நிறைய ஆளி வறுவல். மிளகும் பூண்டும் போட்டு, கறிவேப்பிலையோடு. அப்பா மூன்று முறை போட்டுக்கொண்டார். தம்பிக்கு மிச்சம் வைக்காமல் நான் சாப்பிட்டேன்.

ஒரு வாளி நிறைய வறுவல் வர, எத்தனை ஆளியை உடைத்திருக்க வேண்டும்? சேற்றிலிருந்து இது எப்படி வரும்?

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

கண்டுபிடித்துவிட்டேன். அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

திட்டின் வரைபடத்தை நல்ல தாளில் மறுபடி வரைந்துகொண்டிருந்தேன். கயிற்றின்படி சட்டத்தை வைத்திருக்க வேண்டிய இடத்தை ஊதாவிலும், நகர்ந்து போய் வைத்த இடத்தைச் சிவப்பிலும் குறித்தேன். ஊதாவிலிருந்து சிவப்புக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். அழகுக்காகத்தான் போட்டேன்.

எல்லா அம்பும் போட்டு முடித்துப் பார்த்தால், அவை எல்லாம் ஓர் இடத்தை விட்டு வெளியே ஓடுகின்றன. தேர் வரும்போது கூட்டம் விலகுகிற மாதிரி. நடுவில் நீளமாக, வெள்ளரிக்காய் வடிவத்தில், ஒரு புள்ளிகூட இல்லாத வெள்ளைத் தாள்.

குழாய் ஏன் இறங்கவில்லை? அடியில் கெட்டியாக இருந்ததால். அடியில் என்ன கெட்டியாக இருந்தது? அதைத்தானே நாங்கள் தேடிப் போனோம்! குழாய் இறங்குகிற இடம் வேண்டும் என்று தேடித் தேடி நாங்கள் சேற்றை மட்டுமே எண்ணிவிட்டு வந்திருக்கிறோம்.

செருப்புகூடப் போடாமல் பச்சை வீட்டுக்கு ஓடினேன். அவள் ஆட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசிக்கொண்டிருந்தாள். பேசமாட்டாள் என்று தெரியும், அதனால் தாளை அவள் முன்னால் விரித்தேன். வெகுநேரம் பார்த்தாள். வண்ணம் ஒழுகித் தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

“அடியே லைப்ரரி” என்றாள். “நாம ஆளியப் பாத்து ஒதுங்கி ஒதுங்கிப் போயி, ஆளியக் காணோம் காணோம்னு எண்ணியிருக்கோம்டி.”

இருவரும் சிரித்த சிரிப்பில் ஆடு பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதைப் பிடித்துக் கட்ட இருட்டிவிட்டது.

ஜனவரி 18, ஞாயிறு, தை அமாவாசை

அமாவாசையில் தண்ணீர் நன்றாக வற்றும். மதியத்துக்கு மேல் திட்டு முழுவதும் வெளியே தெரிந்தது. அம்மாவிடம் பச்சையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். பச்சை திட்டில்தான் இருந்தாள், அதனால் அது பொய்யில்லை.

இந்த முறை ஒரே விதி. கயிறு எந்த இடத்தைச் சொல்கிறதோ அங்கேதான் சட்டம். கால் கிழிந்தாலும் அங்கேதான். குழாய் இறங்காவிட்டால் ‘இறங்கவில்லை’ என்று எழுத வேண்டும், நகரக் கூடாது.

பச்சை ஐந்தைந்தாக எண்ணுகிறாள், மீன் எண்ணுவதுபோல. ‘ஒரு கை, ரெண்டு கை’ என்று அவள் சொல்லச் சொல்ல நான் பெருக்கி எழுதினேன். உயிருள்ளதை அவளே பிரித்துச் சொன்னாள். இறுக மூடியிருந்தால் உயிர் இருக்கிறது, வாய் பிளந்து உள்ளே சேறு இருந்தால் செத்தது. சந்தேகம் வந்தால் கம்பியால் தட்டிக் கேட்பாள். திட்டின் நடுவில் வைத்த எந்தச் சட்டத்திலும் நாற்பதுக்குக் குறையவில்லை. ஒன்றில் எழுபதைத் தாண்டியது. எழுபது என்று எழுதியபோது எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. பச்சை கத்தியேவிட்டாள்.

பெரிய ஆளிகளின் அடிப்பக்கத்தில் நகக்கண் அளவில் குஞ்சு ஆளிகளும் ஒட்டியிருந்தன. அதாவது திட்டு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

மண்ணும் எடுத்தோம். திட்டின் மேலே விரல் கனத்துக்குத்தான் வண்டல். சுற்றிலும் கரிய சேறு. திரும்பும்போது முகத்துவாரத்துப் பக்கமும் போய், தூர்வாரப் போகும் இடத்திலிருந்து ஒரு குழாய் மண் எடுத்தோம். “இது எதுக்கு?” என்றாள் பச்சை. “கொட்டப்போறது எந்த மண்ணுன்னு தெரிய வேணாமா?” என்றேன். “ஒனக்கு மூள இருக்குடி” என்றாள். இதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இன்னொரு முறை சொல்லமாட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

மண்ணைத் தண்ணீரோடு பாட்டில்களில் ஊற்றிக் குலுக்கி, அடுக்களை ஜன்னலில் வரிசையாக வைத்திருக்கிறேன். மணல் உடனே அடியில் படியும். வண்டல் மெதுவாக அதன்மேல் படியும். மிகவும் மெல்லிய சேறு அடுத்த நாள்வரை கலங்கலாகவே மேலே நிற்கும். அம்மா, “அடுக்களையா, ஆஸ்பத்திரியா?” என்று கேட்டார்.

பின்கட்டில் இரண்டு வாளி. இரண்டிலும் கழித்தண்ணீர், ஐந்து ஆளி. ஒன்றில் மட்டும் ஆளிகளின்மேல் ஒரு சாண் சேறு.

ஜனவரி 25, ஞாயிறு

சேற்றால் மூடிய வாளியில் ஐந்தும் வாயைப் பிளந்துவிட்டன. மற்ற வாளியில் ஐந்தும் இறுக மூடியிருக்கின்றன. முடிவு தெளிவாக இருக்கிறது. நல்ல முடிவு என்று எழுத மனம் வரவில்லை.

வாளி நாற்றத்தால்தான் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. தம்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

“ஆளித்திட்டுலயா ஒன் ஸ்கூல் வேல?”

“ஆமாம்பா.”

“போன மாசம் முகத்துவாரத்துல ரெண்டு படகு கவுந்துது, தெரியுமில்ல? எங்கண்ணன் கால ஒடிச்சிக்கிட்டுக் கெடக்காரு, தெரியுமில்ல? நாலு வருசமா ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கி வாங்குன உத்தரவு. அத நீ நிறுத்தப் போறியா?”

“தூர் வாரட்டும்பா. வாராம இருக்கக் கூடாது. கொட்டுற எடம் மட்டும்தான்...”

“எடத்த மாத்துறோம்னு ஆரம்பிச்சா இன்னும் நாலு வருசம் ஆவும்.”

அவ்வளவுதான் பேச்சு.

ஜனவரி 27, செவ்வாய்

அப்பா என்னிடம் பேசவில்லை. சங்க வேலை அதிகம் போலிருக்கிறது.

ஜனவரி 29, வியாழன்

காலையில் அடுக்களைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். அப்பா ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தார்.

“இது எந்த எடத்து மண்ணு?”

“முகத்துவாரத்து மண்ணுப்பா. தூர்வாரப் போற எடம்.”

“முக்காவாசி மணலா இருக்கே. சேறுதான்னு கம்பெனிக்காரனுவ சொன்னானுவ.”

“மேல மட்டும்தான் சேறு. அடியில எல்லாம் மணல்தான்பா.”

பாட்டிலைச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அந்த முகம். பிறகு வெளியே போய்விட்டார். பாட்டிலை வைத்த இடத்தில் வைக்கவில்லை. வரிசை கலைந்துவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு, பௌர்ணமி

இன்று இரண்டாம் முறை எண்ணினோம். ஒருமுறை எண்ணியதை யாரும் நம்பமாட்டார்கள் என்றார் டீச்சர்.

புறப்படும்போது வாசலில் ஒரு ஜோடி புது ரப்பர் பூட்ஸ் இருந்தது. அம்மாதான் வைத்தார் என்று நினைத்தேன். “எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்று அம்மா சிரித்தார். யார் வைத்தது என்று தெரியவில்லை. அளவு சரியாக இருந்தது.

எண்ணிக்கை போன முறைபோலவே வந்தது. பூட்ஸ் போட்டுக்கொண்டு நான் திட்டின் நடுவில் நின்றதைப் பார்த்துப் பச்சை, “கலெக்டரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் ஒதுங்குங்க” என்று பெண்களிடம் கத்தினாள். பிறகு இடது பூட்ஸ் அவளுக்கு, வலது எனக்கு என்று பிரித்துக்கொண்டோம்.

பிப்ரவரி 5, வியாழன்

நாளைக்குக் கூட்டம். பேச வேண்டியதை எழுதி மனப்பாடம் செய்தேன். ஐந்து பக்கம். பச்சையிடம் சொல்லிக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட்டாள். எழுப்பியதும், “இவ்ளோ சொல்லாத. அவங்கள ஒரு கேள்வி கேளு. நாம பண்ண தப்பையே அவங்களும் பண்ணாங்களான்னு கேளு” என்றாள்.

அப்படியும் இருக்குமோ?

பிப்ரவரி 6, வெள்ளி

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். எதையும் விடக்கூடாது.

புயல் பாதுகாப்பு மையத்தில் கூட்டம். முன்வரிசையில் படகுச் சங்கத்து ஆண்கள், நடுவில் அப்பா. பின்னால் ஆளி எடுக்கும் பெண்கள். மேடையில் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி அம்மா. ஆய்வுக் கம்பெனியிலிருந்து இளவழகன் என்ற பொறியாளர் வந்திருந்தார். இளம் வயது, கண்ணாடி. திட்டின் படத்தைத் திரையில் போட்டு, படகிலிருந்து இரும்புக் கவ்வியைக் கயிற்றில் இறக்கி மண் எடுத்ததாகச் சொன்னார். எடுத்த எல்லா இடத்திலும் சேறுதான் வந்தது, ஆளி இல்லை என்றார்.

தையல்நாயகி அத்தை எழுந்து, “தெனம் நாங்க ஒடைக்கிறோமுங்க” என்றார். வேலாயுதம் சித்தப்பா முன்வரிசையிலிருந்து, “ஒடைக்கிற அளவுக்கு நாலு கெடக்கும். அதுக்காக ஊரு பொழப்ப நிறுத்துறதா?” என்றார். பெண்கள் கத்தினார்கள். ஆண்கள் கத்தினார்கள். டீச்சர் எழுந்து, “என் மாணவிகள் ஒரு கேள்வி கேட்கணும்” என்றார். பச்சை என்னை முதுகில் குத்தித் தள்ளினாள்.

மைக் என் உயரத்துக்கு இல்லை. ஐந்து பக்கமும் மறந்துபோனது. அப்பா என்னைப் பார்க்காமல் தன் மடியிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நீங்க மண்ணெடுக்கும்போது, எந்த இடத்துலயாவது அந்தக் கவ்வி மண்ணு இல்லாம வெறுமனே மேல வந்துச்சா?”

“வந்துச்சும்மா. நாலஞ்சு தடவை.”

“அப்ப என்ன செஞ்சீங்க சார்?”

“படகக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி மறுபடி போட்டோம். மண்ணு கிடைக்கிற வரைக்கும்.”

“ஏன் சார் வெறுமனே வந்துச்சு?”

“அடியில கெட்டியா ஏதாவது இருந்தா கவ்வி மூடாது. அதனால...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். திரும்பித் திரையிலிருந்த தன் படத்தையே பார்த்தார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. “நாங்களும் அதேதான் சார் செஞ்சோம்” என்றேன். “எங்க குழாய் இறங்காத இடத்துல எல்லாம் நகர்ந்து நகர்ந்து போனோம். அப்புறம் பாத்தா, இறங்காத இடம்தான் சார் திட்டு.”

முதலில் தையல்நாயகி அத்தை சிரித்தார். அப்புறம் எல்லாரும். இளவழகன் சாரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். நான் வரைபடத்தைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி அதிகாரி அம்மாவிடம் காட்டி, “மேடம், நாங்க தள்ளிப் போன இடமும் இதே பக்கம்தான்” என்றார். இப்படி ஒருவர் மேடையில் சொல்வார் என்று நான் நினைக்கவே இல்லை.

வேலாயுதம் சித்தப்பா விடவில்லை. “ரெண்டு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பேச்சக் கேட்டு வேலைய நிறுத்துவீங்களா?”

அப்பா எழுந்தார்.

“புள்ளைங்க கேள்வி கேட்டுச்சி. பதில் தெரிஞ்சா சொல்லு வேலாயுதம், இல்லன்னா ஒக்காரு” என்றார். மஞ்சள் பையிலிருந்து என் பாட்டிலை எடுத்தார். அதே பாட்டில்! காணாமல் போனதே எனக்குத் தெரியாது.

“அம்மா, இது முகத்துவாரத்து மண்ணு. முக்காவாசி மணலு. வடக்கால கடலு கரையத் தின்னுக்கிட்டே வருது. எங்களுக்குப் படகு ஏத்தி வைக்க எடமில்ல. இந்த மணல அங்க கொட்டுனா எங்களுக்குக் கரை. திட்டுல கொட்டுனா இவங்களுக்குச் சோறு போச்சி. தூர் வாருறத ஒரு நாளும் தள்ளக்கூடாது. கொட்டுற எடத்த மட்டும் மாத்துங்க. சங்கத்துச் செயலாளரா சொல்றேன்.”

அதிகாரி அம்மா பாட்டிலைக் குலுக்கி மேசையில் வைத்தார். மணல் இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். வரும் அமாவாசையில் நானே வந்து பார்க்கிறேன், கம்பெனியும் வரட்டும், எல்லார் முன்னாலும் எண்ணலாம் என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா, “மைக்க வாய்கிட்ட வச்சிப் பேசணும்மா” என்றார். பிறகு என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரி 7, சனி

அமாவாசை பிப்ரவரி 17. போட்டியும் பிப்ரவரி 17.

பிப்ரவரி 9, திங்கள்

டீச்சர் போட்டி நடத்துபவர்களிடம் பேசியிருக்கிறார். ஒருவர் மட்டும் வந்தாலும் போதுமாம். “நீ போடி. பரிசு வாங்குறதுக்குன்னே பொறந்தவ நீ. இங்க நான் பாத்துக்குறேன்” என்றாள் பச்சை. அவள் பெருக்கல் போட்டால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

மேலும், நெடுந்தூரப் பேருந்து எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. வாந்தி வரும். அதனால் நான் போகவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய், அமாவாசை

பள்ளிக்கே விடுமுறை விட்டதுபோல ஊர் முழுவதும் கரையில் நின்றது.

முதலில் இளவழகன் சார் படகிலிருந்து இரும்புக் கவ்வியை இறக்கினார், தான் முன்பு தள்ளிப் போன அதே இடத்தில். ‘டங்’ என்று சத்தம் கரைவரை கேட்டது. மேலே இழுத்தார். வெறும் கவ்வி. பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாவது இடத்திலும் ‘டங்’. தையல்நாயகி அத்தை, “மணியடிச்சாச்சி, பூசையப் போடுங்க” என்றார்.

தண்ணீர் இறங்க இறங்கத் திட்டு முதுகு காட்டியது. இடத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதிகாரி அம்மா சட்டத்தை வாங்கித் திரும்பி நின்று, தலைக்குமேல் தூக்கிப் பின்பக்கமாக வீசினார். விழுந்த இடத்தில் இளவழகன் சார் குந்தி உட்கார்ந்து தானே எண்ணினார். பச்சை பக்கத்தில் நின்று தனியாக எண்ணினாள். அவர் பாதிக்கு வருவதற்குள் அவள் முடித்து, எண்ணிக்கையை என் காதில் சொன்னாள். ஐம்பத்திரண்டு. அவர் எண்ணி முடித்துச் சொன்னது ஐம்பத்தொன்று. மறுபடி எண்ணினார். ஒரு பெரிய ஆளியின் மடிப்புக்குள் இருந்ததை விட்டிருந்தார். அதை எடுக்கப் போனபோது விரல் கிழிந்தது.

“ஆளி தானே வந்து கையெழுத்துப் போட்டுடுச்சி சார்” என்றாள் பச்சை. அதிகாரி அம்மாவே சிரித்துவிட்டார்.

பல முறை வீசினார்கள். பல முறை எண்ணினார்கள். ஓரத்தில் குறைவு, நடுவில் நெருக்கம், எங்கள் வரைபடத்தில் உள்ளபடியே. கடைசியில் அதிகாரி அம்மா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, திட்டின் நடுவில் நின்றபடியே சொன்னார்: “இந்த இடத்துல ஒரு கூடை மண்ணுகூட விழாது. வடக்குக் கரைக்கு இப்பவே மணல் கொண்டுபோற குழாய்ப் பாதையை அளங்க. தூர்வாருற தேதி மாறாது.”

கரையில் எழுந்த சத்தத்தில் கொக்குகள் எல்லாம் ஒரே வீச்சாகப் பறந்துவிட்டன. தையல்நாயகி அத்தை என்னைத் தூக்கிச் சுற்றப் பார்த்து முடியாமல் பச்சையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். அவர் மேலெல்லாம் சேறு. எங்கள் மேலும்.

போட்டியில் யாருக்குப் பரிசு என்று டீச்சர் மாலையில் சொன்னார். பக்கத்து ஊர்ப் பள்ளியாம், தலைப்பு விண்மீன்களாம். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. கொஞ்சம்தான் இருந்தது, சாப்பிட்டதும் போய்விட்டது.

மார்ச் 9, திங்கள்

இன்று தூர்வாரும் எந்திரம் ஓட ஆரம்பித்தது. காலையிலிருந்தே கழி அதிர்ந்துகொண்டிருக்கிறது.

ஊரே வடக்குக் கரைக்குப் போய்விட்டது. நானும் பச்சையும் திட்டில் நின்றுதான் பார்த்தோம். குழாயின் வாயிலிருந்து முதலில் கரிய தண்ணீர் வந்தது. பிறகு வெளுத்தது. பிறகு மணல், மணல், கொட்டிக்கொண்டே இருந்தது. மத்தியானத்துக்குள் அங்கே ஒரு கரை முளைத்துவிட்டது. அப்பாவும் வேலாயுதம் சித்தப்பாவும் இன்னும் பத்துப் பேரும் ‘ஏலேலோ’ போட்டு ஒரு படகை அதன்மேல் இழுத்து ஏற்றினார்கள். அப்பா படகின்மேல் ஏறி நின்று துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார். இந்தப் பக்கம் பார்த்துத்தான்.

பதிலுக்குத் தையல்நாயகி அத்தையும் மற்ற பெண்களும் கம்பிகளைத் தூக்கி ‘ஓ’ என்று கூவினார்கள். பிறகு குனிந்து உடைக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் ஏறுவதற்குள் கூடை நிரம்ப வேண்டுமே.

“இன்னிக்கு டைரில எழுதுவியா?” என்று பச்சை கேட்டாள்.

“எழுதுவேன்.”

“இன்னான்னு?”

“வெற்றி பெற்றோம்னு.”

“ஐய, பரிட்சை மாதிரி இருக்கு. நான் சொல்றத எழுது.”

அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஜெயிச்சிட்டோம்டி.